தொடக் கூடாத கால்

ஜூலை 10, 2006. திங்கள்

இன்று முதல் வார்டு. முதல் வருடத்தில் பாதிக்கு மேல் பொம்மைக்குப் பணிவிடை செய்தே போய்விட்டது. இன்றுதான் உயிருள்ள மனிதர்களிடம் விட்டார்கள். பெண்கள் பொது வார்டு. எனக்கு வந்த வேலை, நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுவது. ஒரு பக்கம் உருட்டி, பாதியைச் சுருட்டி, மறுபக்கம் உருட்ட வேண்டும். பொம்மை உருளும். கடைசிக் கட்டில் பெரியம்மா உருளவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேட்டு வூட்டுப் பொண்ணா நீ?"

"இல்ல பெரிம்மா."

"பின்ன இன்னா, இந்திக்காரியா? மூக்கும் கலரும் அப்படித்தான் கீது."

"செம்பாக்கம் பெரிம்மா. ஏரிக்கு இந்தாண்ட. எங்கப்பா கூர்க்கா."

"கூர்க்காவுக்குக் கண்ணு சின்னதால்ல இருக்கும்?"

"எங்க மலைப்பக்கம் பெருசாதான் இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். விரிப்பு மாறிவிட்டது! பியூலா மேடம் வந்து மூலை மடிப்பை இழுத்துப் பார்த்தார். எங்கள் டியூட்டர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் போல ஒரு முகம். "ம்" என்றார். அந்த "ம்" என்பதை நாள் முழுக்கக் கூடவே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் தடி. "படுத்தவளை எழுப்பாமலே விரிப்பை மாற்றினாயா?" என்று நேபாளியில் இரண்டு தடவை கேட்டார். நேபாளத்து அச்சாம் ஜில்லாவில் எங்கள் குடும்பத்தில் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அங்கிருந்து என்னை நாலு வயதில் இங்கே தூக்கி வந்தவர் அப்பா. கல்லூரி என்றால் இப்படி விரிப்பு மந்திரமெல்லாம் சொல்லித்தருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஜூலை 13, வியாழன்

ஊசி போடும் பயிற்சி, ஆரஞ்சுப் பழத்தின் மேல். குத்திய பழத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "தண்ணீர்தானே ஏற்றினாய்?" என்று அம்மா உரித்துத் தின்றுவிட்டார். முன்னைவிடச் சாறு அதிகமாம்.

ஜூலை 23, ஞாயிறு

அப்பா பகலில் தூங்கும் ஒரே அறையில்தான் நான் படிக்கவும் வேண்டும். இன்று தண்ணீர் எடுக்க எழுந்தபோது, நீட்டியிருந்த அவர் காலில் என் கால் பட்டுவிட்டது. இந்த ஊரில் வளர்ந்த பழக்கம் – சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். நல்ல தூக்கத்திலிருந்த மனிதர் எப்படித்தான் தெரிந்துகொண்டாரோ, இரண்டு காலையும் இழுத்து வயிற்றோடு மடக்கிக்கொண்டார்.

"தொடாதே! எத்தனை தடவை சொல்வது?"

எங்கள் வீட்டுச் சட்டம் அது. மகள் என்றால் தேவி, வீட்டுத் தெய்வம். அப்பாவும் அம்மாவும்தான் அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவள் அவர்கள் காலைத் தொட்டால் பாவம் அவர்கள் தலையில். ஊரில் எங்கள் ஜாதியில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் செம்பாக்கத்தில் இதை யாருக்கு விளக்குவது? பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று தெருப் பிள்ளைகள் எல்லாரும் அப்பா அம்மா காலில் விழுந்தார்களே என்று நானும் விழப் போனேன். அப்பா ஒரே தாவாகத் தாவிக் கட்டில் மேல் ஏறிவிட்டார். பிறகு நிதானமாக இறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அடுத்த போர்ஷன் முத்தாலம்மாள் அக்கா மீன் கூடையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, ஒலகமே தலகீயாப் பூட்ச்சி! அப்பங்காரன் பொண்ணு கால்ல வியுறான்!"

அன்று மாலைக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அப்பாவுக்கு வெட்கமே கிடையாது.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையில் நான் கிளம்பும் நேரமும் அப்பா வரும் நேரமும் ஒன்றுதான். குழாயடியில் காலைக் கழுவிவிட்டு ஈரத்தோடு உள்ளே வருவார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து பாய் வரை தடம் விழும். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். இன்று குனிந்து ஷூ கயிறு கட்டும்போது பார்த்தேன். இடது தடத்தில் மட்டும் பெருவிரலுக்குக் கீழே சிவப்பு.

"செம்மண்" என்றார் அப்பா.

செம்மண் என்றால் கழுவியும் ஏன் வருகிறது? தரையைத் தொட்டு முகர்ந்தேன். செம்மண் இல்லை.

அம்மாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அம்மா பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். நான் தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். நடுவில் குழி. ஆணி குத்தியிருக்க வேண்டும். அவர் ஷூவைக் கவிழ்த்தேன். ஆணி இன்னும் உள்ளேயே இருக்கிறது! அதன் மேலேயே தினம் இரவு முழுக்க நடந்திருக்கிறார்.

"வலிக்கவே இல்லையே. வலிக்காததற்கு எதற்கு வைத்தியம்?" என்கிறார் சிரித்துக்கொண்டு.

போன வாரம்தான் பியூலா மேடம் சொல்லிக்கொடுத்தார். சர்க்கரை நோய் முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், ஆணி குத்தினாலும் தெரியாது, தெரியும்போது விரலை எடுக்க வேண்டியிருக்கும். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நம் வீட்டுக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 5, சனி

முத்தாலம்மாள் அக்காதான் அவரைக் கிளப்பியது. நானும் அம்மாவும் கெஞ்சியதெல்லாம் வீண்.

"தோ பாரு கூர்க்கா. எனக்கும் சக்கரை கீது. மாத்தரை துன்னுக்கினு மீன் வித்துக்கினு கீறேன். நீ இன்னா பெரிய இவனா? கால் பூட்ச்சின்னா ரோந்து சுத்துவியா, உருண்டுக்கினு போவியா? எந்திரி!"

எழுந்துவிட்டார். ஆட்டோவில் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனோம். சர்க்கரை முந்நூறுக்கு மேல். மாத்திரை எழுதினார் டாக்டர். தினமும் காலையில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். நடக்கவே கூடாது. சரியாகப் பார்த்தால் ஆறிவிடும். விட்டால் பெருவிரல் போகும், அதோடும் நிற்காது.

"வீட்ல யாராவது டிரெஸ்ஸிங் பண்ணுவாங்களா?"

"என் பொண்ணு நர்ஸு படிக்குது சார்" என்றார் அப்பா. என்ன பெருமை!

"அப்புறம் என்ன கவலை?" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தாம்பரம் சானடோரியத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சைக்கிள் ஏற்பாடு ஆகிவிட்டது, முத்தாலம்மாள் அக்கா மகனுடையது. அப்பா இனிமேல் சைக்கிளில் ரோந்து. குதிகாலால்தான் மிதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தடியைத் தரையில் தட்ட முடியவில்லை என்பது அவர் குறை. "சத்தம் கேட்காவிட்டால் திருடனுக்கு நான் வருவது எப்படித் தெரியும்?" திருடனிடம் அவ்வளவு மரியாதை.

கட்டு மாற்றும் வேலை அம்மாவிடம். நான் கதவோரம் நின்று சொல்லச் சொல்ல அம்மா செய்ய வேண்டும்.

"சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டீர்களா? பழைய கட்டைப் பிரியுங்கள். மெதுவாக. சலைன் தண்ணீரில் பஞ்சை நனையுங்கள். புண்ணுக்கு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். மறுபடி வைக்கக் கூடாது."

அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துடைத்தார். கணுக்காலைத்தான் துடைத்தார். "இன்னும் கீழே, கீழே" என்று நான் கத்த, "முடிந்ததா? முடிந்ததா?" என்று அம்மா கேட்க, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் கட்டு முழுக்கக் குதிகாலில் வந்து நின்றது. புண் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பு வந்தது நிஜம். ஆனால் நாளைக்கும் இப்படியா?

ஆகஸ்ட் 9, புதன்

நேற்று டெபோராவிடம் சொன்னேன். என் வகுப்பு. அவள் வீடும் செம்பாக்கம்தான், அப்பாவின் ரோந்துத் தெருவில். அவள் அப்பா தயாளன் சார் ஸ்கூல் வாத்தியார். கேட்டதும், "லூசு, இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று திட்டிவிட்டு இன்று காலேஜுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

அப்பா அதற்கும் மறுத்தார். காவல் காக்கிற வீட்டுப் பிள்ளை தன் காலைப் பிடிப்பதா?

"அங்கிள், நைட் பூரா எங்க வீட்டைப் பார்த்துக்கறீங்க. நான் அஞ்சு நிமிஷம் உங்க காலைப் பார்த்துக்கக் கூடாதா? ப்ளீஸ்."

அப்பா காலை நீட்டினார். அவள் எங்கள் ரத்தமில்லையே, அதனால் பாவமில்லையாம். சட்டப் புத்தகமே அவர் கையில்தான் இருக்கிறது.

டெபோரா நன்றாகச் செய்தாள். நான் பக்கத்தில் நின்று தட்டு பிடித்தேன். என் அப்பாவின் கால் என் சிநேகிதி மடியில் இருக்கிறது, நான் தட்டு பிடிக்கிறேன்! நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் பொறாமை வந்தது. வந்ததை எழுதி வைக்கிறேன். அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 19, சனி

புண்ணின் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை! டெபோராவுக்கு அம்மா தினமும் ஆலு பராத்தா. அவள் இரண்டு கிலோ ஏறிவிட்டதாக என்னைத்தான் குற்றம் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

டெபோராவுக்குச் சிக்குன்குனியா. ஊரெல்லாம் அதுதான். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் ஜனங்கள் இடுப்பை வளைத்துக்கொண்டு நடக்கிறார்கள். போனில் அழுகிறாள் – காய்ச்சலுக்காக இல்லை, "அங்கிள் டிரெஸ்ஸிங் என்னடி ஆகும்?" என்று.

முத்தாலம்மாள் அக்காவும் படுத்துவிட்டார். அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டு.

தினமும் நம் ஆஸ்பத்திரிக்கே வாருங்கள் என்றால், "ராத்திரி முழுக்க விழித்துவிட்டு அந்த வரிசையில் நிற்கவா? அந்தப் பிள்ளை எழுந்து வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். புண் காத்திருக்குமா?

அடுத்த வெள்ளி எங்களுக்கு விளக்கேற்றும் விழா, நர்ஸ் தொப்பியும் உறுதிமொழியும் அன்றுதான். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். விளக்கு வாங்கும் முன்னால் அவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும் என்று பிரின்சிபால் புதிதாகச் சேர்த்திருக்கிறார். கிறிஸ்தவப் பிள்ளைகள் தலை குனிந்தால் போதுமாம். எனக்கு எந்தக் கணக்கு? பேசாமல் நானும் தலை குனிவதாக முடிவு செய்தேன். அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அங்கே வந்து என் காலைத் தொட்டுவிடாதீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். மானம் போய்விடும்."

விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி" என்றார்.

செப்டம்பர் 1, வெள்ளி

விழா முடிந்தது. வெள்ளைப் புடவை, தொப்பி, கையில் விளக்கு. டெபோரா மூட்டு வலியோடு வந்து விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்பா தொளதொளவென்ற கோட்டு போட்டு வந்திருந்தார். வலது காலில் ஷூ, இடது காலில் செருப்பு. எல்லாப் பிள்ளைகளும் விழுந்து எழுந்தார்கள். என் முறை வந்தது. நான் தலை குனிந்தேன். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னையறியாமல் குனிந்துவிடுவோமோ என்று பயந்து தானே தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். முகம் மட்டும் காப்பாற்றவில்லை.

அவருக்கு இன்றுதான் பெரிய நாள். நான்தான் அதைக் கெடுத்தேன். எனக்கு இந்தத் தொப்பி பிடிக்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை தெரிந்தது. வார்டில் பழகிய மூக்கு. புண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. புதுச் சதையைக் காணவில்லை. டாக்டரிடம் போய் நானே சொன்னேன். இனிமேலாவது தினம் ஒழுங்காகக் கட்டு நடந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த வாரம் சர்ஜனிடம் காட்டி விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

இந்த வாரம் எனக்கு டிரெஸ்ஸிங் ரூம் போஸ்டிங். இன்று மட்டும் எத்தனை கால்கள்! பெயர் தெரியாத எல்லார் காலையும் பிடித்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சண்டை. பெரிய சண்டை.

காலையில் தட்டோடு போய் முன்னால் உட்கார்ந்தேன். காட்டுங்கள் என்றேன். காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். விரல் போய்விடும் என்றேன். போனால் போகட்டும் என்றார். நடக்க முடியாது என்றேன். சைக்கிள் இருக்கிறது என்றார்.

அப்புறம் நான் கத்திட்டேன். ஊர்ல இருக்கறவன் காலெல்லாம் நான் தொடணும், உங்க கால தொடக் கூடாதா? அப்ப எதுக்கு என்ன நர்ஸுக்குப் படிக்க வெச்சீங்க? அடுத்தவங்க அப்பாவுக்கு மட்டும் பார்க்கவா? தமிழ்லயே கத்தினேன். வூட்ல நேபாளிதான் பேசணும்ங்கற ரூலும் போச்சு.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். மெதுவாகச் சொன்னார்: "ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை. பிள்ளை படிப்பு, பேச்சு, சாப்பாடு எல்லாம் இந்த ஊர்ப் பழக்கம். அங்கிருந்து நான் கொண்டுவந்தது இது ஒன்றுதான். என் மகள் எனக்குத் தேவி. தேவியைக் கொண்டு சீழ் துடைக்கச் சொல்கிறாயா?"

தட்டைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். காலேஜுக்கு அழுதுகொண்டே போனேன். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 6, புதன்

நிதானமாக எழுத வேண்டும். அவ்வளவு சந்தோஷம்.

டிரெஸ்ஸிங் ரூமில் கூட்டம். பியூலா மேடம் பக்கத்தில் நின்று கவனிக்கிறார். ஒரு கட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்து" என்றேன். நிமிர்ந்தால் அப்பா! பின்னால் அம்மா, அவர் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்க மாட்டார். அவர் அப்பாவை டியூட்டி முடிந்த கையோடு தூங்கவும் விடாமல் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார்.

அப்பா என்னைப் பார்த்ததும் தயங்கி, மேடத்திடம், "வேற சிஸ்டர் இல்லியா மேடம்?" என்றார்.

"ஏன், இந்த சிஸ்டருக்கு என்ன குறை?"

"இது என் பொண்ணு மேடம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. உட்காருங்க."

"பொண்ணு அப்பா காலைத் தொடக் கூடாது மேடம். பாவம்."

மேடம் என்னைப் பார்த்தார். விழாவில் நாங்கள் இருவரும் மரம் போல நின்றது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரிசையிலிருந்து ஒருவர், "இன்னாபா, உக்காருவியா, மாட்டியா? நின்னு நின்னு பேஜாராப் போச்சு" என்று குரல் கொடுத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பாட்டுக்கு அடுத்த கட்டுக்கான கையுறையை எடுத்து மாட்டியது. மணிக்கட்டில் "டப்" என்று சத்தம்.

அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டார். என் கையைப் பார்த்தார். நேபாளியில், அறை முழுக்கக் கேட்கும்படி அப்பாவைக் கேட்டார்:

"அவள் கையில் இருப்பது என்ன?"

"ரப்பர்."

"உங்கள் காலைத் தொடப்போவது எது?"

"ரப்பர்…"

"ரப்பர் உங்கள் மகளா?"

அப்பா என்னைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கி வர அவருக்கும் ஒரு படி வேண்டியிருந்தது என்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அம்மா அதைப் போட்டுக்கொடுத்துவிட்டார்.

உட்கார்ந்தார். ஸ்டூலுக்கு முன்னால் இருந்த பலகை மேல் காலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் முணுமுணுத்தார்.

அப்பாவின் காலை முதல்முறையாகப் பிடித்தேன். கனமான கால். குதிகால் முழுக்க வெடிப்பு. செம்பாக்கத்துத் தெருவெல்லாம் அதில் இருக்கிறது. சீழை எடுத்தேன், செத்த சதையை மேடம் வெட்டி எடுத்தார், நடுவிலிருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவை. மருந்து, காஸ் துணி, கட்டு. கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"முடிஞ்சுது பா."

அப்பா கண்ணைத் திறந்தார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். விழாவில் நான் வேண்டாம் என்றதை நினைத்தாரோ என்னவோ, கேட்பது போல என்னைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு நேராக நின்றேன். செய்யுங்கள் அப்பா. யார் சிரித்தால் எனக்கென்ன?

இத்தனை பேர் நடுவில், குனிந்து, என் இரண்டு வெள்ளை ஷூவையும் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து நின்றிருந்தவர், கையில் கட்டுப் போட வந்த ஒரு தாத்தா, பயந்துபோய் மேடத்திடம் கேட்டார்:

"மேடம், சிஸ்டர் கால்ல வியுந்தாதான் கட்டு போடுவாங்களா? எனக்குச் சிக்குன்குனியா. முட்டி மடங்காதே!"

பியூலா மேடம் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்! அவருக்கு இவ்வளவு பற்கள் இருப்பது எங்கள் பேட்சில் யாருக்கும் தெரியாது. சாட்சிக்கு டெபோரா இல்லாமல் போய்விட்டாளே.

செப்டம்பர் 7, வியாழன்

இன்றிலிருந்து வீட்டில். அப்பாவின் நிபந்தனைகள்: கையுறை மட்டும் போதாது, யூனிஃபார்மும் தொப்பியும் வேண்டும். நைட்டியோடு வந்தால் காலை நீட்ட மாட்டாராம். "சிஸ்டர் வந்தாச்சா?" என்று கேட்கிறார், இரண்டடி தூரத்தில் நிற்கும் என்னை.

செப்டம்பர் 16, சனி

சர்ஜனைப் பார்த்தோம். கத்தி வேண்டாம் என்றார்! கறுப்பு போய்விட்டது. முத்தாலம்மாள் அக்கா இன்னும் வளைந்துதான் நடக்கிறார், ஆனாலும் சங்கரா மீன் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். "கூர்க்காவுக்கு இல்ல, நர்ஸம்மாவுக்கு" என்றார். அப்பாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

தயாளன் சார் சொன்னாராம்: "கூர்க்கா, முன்னெல்லாம் ஒரு விசில் கேட்டுத் தூங்கினா அடுத்த விசில் வர நேரமாகும். இப்ப தூங்கவே விட மாட்டேங்கறீங்களே." சைக்கிளின் வேகம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். நான் பஞ்சை எடுப்பதற்குள், "கை கழுவியாச்சா சிஸ்டர்?" என்று கேட்கிறார். இன்று ஒரு பஞ்சை இரண்டாம் தடவை வைக்கப் போனேனாம். காலை இழுத்துக்கொண்டார். பியூலா மேடத்துக்குத் தம்பி பிறந்திருக்கிறார் எங்கள் வீட்டில்.

அக்டோபர் 2, திங்கள்

தசைன். இங்கே விஜயதசமி, காந்தி ஜெயந்தியும் சேர்ந்து விடுமுறை. அம்மா மூலையில் இருட்டில் வளர்த்த பார்லி முளை மஞ்சளாக, ஒரு விரல் நீளத்துக்கு வந்திருந்தது. தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து டீகா. அப்பா என் நெற்றி நிறைய அப்பினார். காதோரம் முளையைச் செருகினார். டெபோராவுக்கும் வேண்டுமாம், வந்து நெற்றியை நீட்டினாள். "வீட்டுக்குப் போறதுக்குள்ள அழிச்சுடணும், அப்பா கேட்பார்" என்றாள். ஆனால் அழிக்காமல்தான் போனாள்.

கால் புண் கிட்டத்தட்ட மூடிவிட்டது. மேலே சின்னப் பொருக்கு மட்டும். விரல் விரலாகவே இருக்கிறது. கட்டு இன்னும் கொஞ்ச நாள். மாத்திரை எப்போதும்.

டீகா வைத்துவிட்டு வழக்கம்போல என் காலைத் தொடக் குனிந்தார் அப்பா. குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

"இது என்ன?"

குதிகாலில் புது ஷூ கடித்த புண். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஒன்றுமில்லை. தானாகப் போய்விடும்."

"ஒன்றுமில்லையா? உட்கார்."

என் தட்டை அவரே எடுத்தார். வெளியே போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு எங்கள் வீட்டில் எந்தத் தடையும் இல்லை. பஞ்சைச் சலைனில் நனைத்தார். நடுவிலிருந்து வெளியே. ஒரு தடவை துடைத்து அதைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு எடுத்தார். விசில் பிடிக்கும் விரல்கள், அவ்வளவு மெதுவாக.

சுருக்கென்றது. காலை இழுத்தேன்.

"வலிக்கிறதா?" என்றார்.

"வலிக்கிறது பா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஞ்சை எடுத்தார்.